ஸியோன் இ5-2670: எட்டுக் கோர் பழைய சேர்வர் சிப்பு, உப்புவெளி வெக்கையில ஒரு வருசம்

முதல்லயே சொல்லிப்போடுறன், இது புதுச் சாமான் ரிவியூ இல்ல. 2012 மார்ச்சில வந்த இன்டெல் சேர்வர்ப் புரொசஸரை இப்ப ஆர் வந்து வாசிக்கப் போறாங்கள் எண்டு என்ர மனுசியே கேட்டவ. ஆனா இந்த ஒரு வருசத்தில ஒரு பத்துப் பேராவது "அண்ணா அந்த ஸியோன் நல்லமா, வாங்கலாமா" எண்டு கேட்டுட்டாங்கள், ஒவ்வொருத்தருக்கும் வொயிஸ் நோட் போட்டுப் போட்டு களைச்சுப் போனன், அதான் எல்லாத்தையும் ஒரேயடியா எழுதி விடுறன், இனிக் கேக்கிற ஆக்களுக்கு இதை அனுப்பலாம்.

நான் திருமலைக்குப் பக்கத்து உப்புவெளியில வீட்டு முன்னறையில சின்னதா ஒரு லினக்ஸ், நெட்வேர்க் கிளாஸ் வச்சிருக்கிறன். ஏஎல் எழுதிட்டு றிசல்ட் பாத்துக்கொண்டு நிக்கிற பிள்ளையள், மொத்தம் பன்னெண்டு பேர், ரெண்டு பேர் கிண்ணியாப் பாலம் தாண்டி வாறவங்கள். அவங்கட லாப்டொப் எல்லாம் 4 ஜிபி ரேம், சிலதுக்கு பற்றரியே இல்ல, வயர் கழண்டா செத்துப் போகும். அதில ஒரு வேர்ச்சுவல் மெசின், அதாவது கொம்பியூட்டருக்குள்ள ஓடுற இன்னொரு பொய்க் கொம்பியூட்டர், திறந்தாலே சாமானுக்கு மூச்சு வாங்கும். ஆளுக்கு மூண்டு மெசின் குடுத்து ரவுட்டிங் படிப்பிக்கிறது எண்டா நினைச்சும் பாக்க ஏலாது. அப்ப நான் யோசிச்சது, எல்லாப் பாரத்தையும் ஒரு பெரிய பெட்டியில ஏத்தி, பிள்ளையள் அவங்கட பழைய லாப்டொப்பால அதுக்குள்ள பூந்து வேலை செய்யட்டும் எண்டு. புது சேர்வர் விலையைக் கேட்டுட்டு பேசாம போனை வச்சிட்டன். அப்பதான் இந்த இ5-2670.

வந்த புதுசில இன்டெல் போட்ட விலை 1,552 டொலர். அது பெட்டி விலை இல்ல, சிப்பு மட்டும். பெரிய டேட்டா சென்டர்காரர் பழைய சேர்வர்களைக் கழட்டி விக்கத் தொடங்கினாப் பிறகு விலை விழுந்து விழுந்து, எனக்கு ஒன்லைனில ரெண்டாயிரத்து ஐநூறு ரூவாக்கு வந்தது. மெயின் ஸ்ட்ரீட்டில ஒரு நல்ல செருப்பு வாங்குற காசு. ஆனா சிப்பு மலிவு எண்டு துள்ளாதீங்கோ, காசு போறது போர்ட்டுக்கும் ரேமுக்கும் பவர் சப்ளைக்கும். குதிரையை விட லாடத்துக்குச் செலவு கூட.

சரி சிப்புக்குள்ள என்ன இருக்கு. எட்டுக் கோர், அதாவது கணக்குப் பாக்கிற எட்டு மூளை, ஒரு கோர் ஒரே நேரத்தில ரெண்டு வேலையைப் பிடிக்கிற ஹைப்பர் த்ரெடிங் இருக்கிறதால பதினாறு த்ரெட். அடி வேகம் 2.6 கிகாஹெர்ட்ஸ், ஒண்டு ரெண்டு கோர் மட்டும் வேலை செய்தா 3.3 வரைக்கும் ஏறும், எட்டும் சேர்ந்து இழுத்தா 3.0ல நிக்கும். சிப்புக்குள்ளயே இருக்கிற கெதியான நினைவகம், எல்3 கேஷ், 20 எம்பி, கோருக்கு 2.5 எம்பி எண்ட கணக்கில எட்டுத் துண்டு, எல்லாத்தையும் ஒரு வளையத்தில கொழுவி விட்டிருக்கு, எந்தக் கோரும் எந்தத் துண்டிலயும் கை வைக்கலாம், கிட்ட இருக்கிறது கெதியா வரும், அங்கால இருக்கிறது கொஞ்சம் சுத்தி வரும். 32 நனோமீட்டர், 115 வாட், சொக்கெட் எல்ஜிஏ 2011. சாண்டி பிரிட்ஜ் எண்டு சொல்லுற அதே குடும்பம்தான், வீட்டுக் கொம்பியூட்டருக்கு வந்த ஐ7-2600 ஞாபகம் இருக்கோ, அதின்ர சேர்வர்ப் பக்கத்து மூத்த அண்ணன்.

இந்தக் கோர் எண்ணிக்கையில ஒரு விசயம். 2011 கடைசியில இன்டெல்லின்ர போட்டிக் கொம்பனி ஏஎம்டி ஒப்டெரொன் 6276 எண்டு பதினாறு கோர் சொல்லி விட்டவங்கள், கேக்கப் பெரிசாத்தான் இருந்தது, ஆனா அதில ரெண்டு ரெண்டு கோருக்கு தசமக் கணக்குப் பாக்கிற பகுதி ஒண்டுதான், பங்கு போட்டுப் பாவிக்கும். இங்க எட்டு எண்டா எட்டும் தனித்தனி முழுக் கோர். அதே நேரம் இதில தெரியிற பதினாறும் பதினாறு கோர் இல்ல. விக்கிற சில பேர் "16 கோர்" எண்டு போட்டு விக்கிறாங்கள், ஏமாறாதீங்கோ.

எங்கட கடக்கரையில கரவலை இழுக்கிறதைப் பாத்திருப்பீங்கள், விடியக் காலமை ரெண்டு பக்கமும் பத்துப் பதினைஞ்சு பேர் கயிறு பிடிச்சு இழுப்பாங்கள். ஒவ்வொருத்தரும் பயில்வான் இல்ல, சேர்ந்து இழுத்தா வலை கரைக்கு வரும். ஆனா கிழிஞ்ச வலையைப் பொத்துறதுக்கு ஒராள்தான் குந்தி இருந்து தைக்கலாம், மற்ற எல்லாரும் சுத்தி நிண்டு பீடி குடிக்க வேண்டியதுதான். இந்தச் சிப்பும் அப்பிடித்தான். பன்னெண்டு பிள்ளையளும் ஒரே நேரத்தில மெசின் திறந்தா ஒரு பிரச்சினையும் இல்லாம இழுக்கும். ஒரு ஆள் மட்டும் பிரவுசரில பாரமான பக்கம் ஒண்டைத் திறந்தா, இன்டெல்லின்ர மலிவான வீட்டுச் சிப்பு, புது ஐ3 போட்ட மெசினுக்குப் பக்கத்தில வெக்கப்பட்டு நிக்கும். 2022ல வந்த ஐ3-12100, நாலே நாலு கோர், ஒரு கோர் வேகத்தை மட்டும் பாத்தா இதை விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு. எல்லாக் கோரையும் கூட்டிப் பாத்தாலும் அந்த ஐ3 முன்னுக்கு நிக்கும், இதை ஒளிச்சுப் பிரயோசனம் இல்ல.

அப்ப ஏன் நான் அந்த ஐ3ஐ வாங்கேல்ல? ரேம். வேர்ச்சுவல் மெசின் வேலையில முதல்ல முட்டுறது புரொசஸர் இல்ல, ரேம்தான். இந்தச் சிப்பு நாலு சனல் டிடிஆர்3, சனல் எண்டா ரேமுக்குப் போற பாதை, அதோட சேர்வருக்கெண்டே வாற ரெஜிஸ்டர்ட் ஈசிசி ரேமை எடுக்கும். அந்த ரேம் சாதாரண வீட்டுக் கொம்பியூட்டருக்குப் பொருந்தாது, அதால வாங்க ஆளில்லாம கிலோக் கணக்கில விக்கிற மாதிரிக் கிடக்கு. நான் 8 ஜிபி துண்டு எட்டு, மொத்தம் 64 ஜிபி போட்டன். அதே அளவை புது மெசினுக்கு புது ரேமாப் போட்டிருந்தா மனுசி என்னை வீட்டுக்குள்ள விட்டிருக்க மாட்டா. ஈசிசி எண்டா ஒரு பிட் பிழைச்சா தானே கண்டுபிடிச்சுத் திருத்தும், ரெண்டு பிட் பிழைச்சா பிழை எண்டு சொல்லும். பழைய ரேம் வாங்குற எனக்கு அது ஒரு நிம்மதி, லொக்கில பாத்தா ஒரு துண்டு மாசத்துக்கு ஒருக்கா திருத்தினன் திருத்தினன் எண்டு எழுதிக்கொண்டே இருந்தது, அதை மட்டும் மாத்தினன். ஈசிசி இல்லாட்டி பிள்ளையின்ர மெசின் ஏன் விழுந்தது எண்டு தெரியாம லினக்ஸைத் திட்டிக்கொண்டு இருந்திருப்பன்.

இதில ஒரு மடத்தனம் பண்ணினன், சொல்லத்தான் வேணும். முதல்ல கையில நாலு துண்டுதான் இருந்தது, போர்ட்டில எட்டு ஸ்லொட், பக்கத்தில பக்கத்தில வடிவா வரிசையா குத்திட்டன். 32 ஜிபி காட்டுது, சந்தோசம். ரெண்டு கிழமை கழிச்சுத்தான் பாத்தன் ரெண்டு சனல்தான் வேலை செய்யுது, மற்ற ரெண்டும் சும்மா. ஒரு சனலுக்கு ரெண்டு ஸ்லொட், ஒரே நிறத்து ஸ்லொட்டில ஒவ்வொண்டு போட்டாத்தான் நாலு சனலும் திறக்கும். இந்தச் சிப்பு டிடிஆர்3-1600 வரைக்கும் ஓட்டும், நாலு சனலும் சேர்ந்தா கணக்குப்படி செக்கனுக்கு 51.2 ஜிபி. என்ர ரேம் 1333, அதால 42 சொச்சம். ரெண்டு சனலில விட்டா அதில பாதி. மாத்திப் போட்டாப் பிறகு வித்தியாசம் தெரிஞ்சதோ எண்டு கேட்டா, ஒரு மெசின் ஓடேக்க ஒண்டும் தெரியாது, பன்னெண்டு பேரும் லினக்ஸின்ர அடிப் பகுதியான கேர்னலை ஒண்டா கொம்பைல் பண்ணேக்க தெரிஞ்சது.

அடுத்தது விடி-டி. இதுதான் எனக்குச் சரியான தலையிடி தந்தது. விடி-எக்ஸ் எண்டது வேர்ச்சுவல் மெசின் ஓட்டத் தேவையானது, அது இருக்கு, பிரச்சினை இல்ல. விடி-டி எண்டது ஒரு நெட்வேர்க் கார்ட்டையோ டிஸ்க் கொன்ட்ரோலரையோ முழுசா ஒரு வேர்ச்சுவல் மெசினிட்டக் கையளிக்கிறதுக்கு. பிள்ளையளுக்கு ஃபயர்வோல் படிப்பிக்க நான் நாலு போர்ட் நெட்வேர்க் கார்ட் ஒண்டை அப்பிடிக் குடுக்க வெளிக்கிட்டன். பயோஸில ஓன் பண்ணினன், வேர்ச்சுவல் மெசின்களை நடத்துற ப்ரொக்ஸ்மொக்ஸ் சொஃப்ட்வெயரில எல்லா செட்டிங்கும் போட்டன், சரிவரேல்ல. மூண்டு இரவு. கடைசியில கூலரைக் கழட்டி சிப்பு முதுகில எழுதியிருக்கிறதைப் பாத்தா எஸ்ஆர்0எச்8. அது சி1 ஸ்டெப்பிங், அதாவது அந்தச் சிப்பின்ர முந்தின பதிப்பு. சி1ல விடி-டியில பிழை இருந்து, பிறகு வந்த சி2லதான் திருத்தினவங்கள், சி2 எண்டா எஸ்ஆர்0கேஎக்ஸ் எண்டு இருக்கும். இதே குடும்பத்து வீட்டுச் சிப்பு ஐ7-3960எக்ஸுக்கும் இதே கதைதான். நான் வாங்கின இடத்தில படத்தில காட்டினது எஸ்ஆர்0கேஎக்ஸ், அனுப்பினது மற்றது. கேட்டா "ரெண்டும் ஒண்டுதான் ஃப்ரெண்ட்" எண்டு ஒரு பதில், பிறகு ஒரு சிரிப்புப் படம், பிறகு ஒண்டுமில்ல. திருப்பி அனுப்புற செலவு சிப்பு விலையை விடக் கூட. வேற ஆளிட்ட சரியானதை வாங்கினன், கொழுவினன், அண்டைக்கே கார்ட் கையளிபட்டுது. பழைய சிப்பு இப்ப மேசையில, கச்சான் காத்துக்கு நோட்ஸ் பறக்காம இருக்க பாரம். சும்மா வேர்ச்சுவல் மெசின் மட்டும்தான் எண்டா அந்தச் சி1 சிப்பே காணும், பழுது எண்டு சொல்ல ஏலாது.

கார்ட்டுகள் கொழுவுற பாதை, பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 லேன், நாப்பது, நேர சிப்பில இருந்தே வருது. அந்தக் காலத்து ஐ7-2600ல பதினாறுதான், அதுவும் 2.0. இது பழைய சேர்வர் சிப்புகளில ஆக்கள் கவனிக்காத விசயம், ஆனா எனக்கு நல்லாப் பிரயோசனப்பட்டுது, நாலு போர்ட் நெட்வேர்க் கார்ட், என்விஎம்இ எண்ட கெதியான எஸ்எஸ்டி டிஸ்குக்கு ஒரு அடப்டர், படம் காட்ட ஒரு பழைய குட்டிக் கிராஃபிக்ஸ் கார்ட், எல்லாத்துக்கும் இடம் இருக்கு. ஓம், கிராஃபிக்ஸ் கார்ட் கட்டாயம், இந்தச் சிப்புக்குள்ள படம் காட்டுற பகுதி இல்ல, சேர்வர் போர்ட் எண்டா அதிலயே ஒரு சின்ன விஜிஏ இருக்கும், என்ர போர்ட்டில அதுவும் இல்ல. என்விஎம்இ டிஸ்க் வேலை செய்யும், ஆனா அதில இருந்து பூட் பண்ண என்ர போர்ட் பயோஸுக்குத் தெரியாது, அந்தக் காலத்தில அது இல்லையே. சாட்டா எஸ்எஸ்டி ஒண்டில பூட், என்விஎம்இயில பிள்ளையளின்ர மெசின். சாட்டாவிலயும் ஒண்டைப் பாருங்கோ, இந்தத் தலைமுறைப் போர்ட்டுகளில வழமையா ரெண்டு போர்ட்தான் 6 கிகாபிட், மற்ற நாலும் 3 கிகாபிட், எஸ்எஸ்டியைப் பிழையானதில குத்தினா பாதி வேகம், பிறகு சிப்பைக் குறை சொல்லாதீங்கோ.

போர்ட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம். இப்ப புதுசா வாற சீனா எக்ஸ்79 போர்ட்டுகள் கனக்க இருக்கு, எக்ஸ்79 எண்டது போர்ட்டில இருக்கிற துணைச் சிப்பு, சிப்செட்டின்ர பேர், ஆனா அது பேருக்குத்தான், உள்ள சிலதில இருக்கிறது வேற பழைய சிப்செட், ஆனா ரேம் கொன்ட்ரோலரும் பிசிஐயும் புரொசஸருக்குள்ளயே இருக்கிறதால ஓடிப்போகும். கூலர் வாங்க முதல் சொக்கெட்டின்ர ஓட்டையை அளந்து பாருங்கோ. எல்ஜிஏ 2011 எண்டு ஒரே பேரில சதுரமாயும் இருக்கு, ஒடுங்கின நீளமாயும் இருக்கு, சேர்வரில கழட்டின போர்ட் எண்டா கனக்க ஒடுங்கினதுதான். நான் சதுரத்துக்கு வாங்கின கூலரைக் கொண்டு ஒடுங்கினதில வைக்கப் பாத்தன், பிறகு பஸ் ஏறி கொழும்புக்குப் போய் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில அரை நாள் அலைஞ்சு பொருத்தமானது எடுத்து வந்தன். போக ஒரு இரவு, வர ஒரு பகல்.

இனிச் சூடு. 115 வாட் எண்டது நுவரெலியாவில இருக்கிற ஆளுக்கு ஒரு இலக்கம், திருமலையில அது ஒரு குடித்தனக்காரன். மாசியில காலமை கிளாஸ் நடக்கேக்க முழு வேலையில 62 டிகிரி காட்டினது. ஆவணியில, கச்சான் அடிக்கிற பின்னேரம், ஃபேனில வாறதே அடுப்படிக் காத்து, அதே வேலைக்கு 78. சிப்பு தாங்கும், அது தாங்குறதுக்கெண்டு செய்தது, பிள்ளையள்தான் தாங்கேல்ல, அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில இருக்கிற கதிரைக்கு ஒருத்தரும் வரமாட்டினம், பிந்தி வாற ஆளுக்குத்தான் அது. நான் பெட்டியை யன்னல் பக்கம் திருப்பி வச்சன், கொஞ்சம் பரவாயில்ல, ஆனா யன்னல் திறந்தா உப்புக் காத்து. கடல் நானூறு மீற்றரில. ஆறு மாசத்தில பின்பக்க ஸ்குரூ எல்லாம் துருப்பிடிச்சிட்டு, ஃபேன் ஒண்டு கீச்சிட்டு மாத்தினன். சிப்பில ஒரு பிழையும் இல்ல, இது எங்கட ஊருக்கான குறிப்பு.

கரண்ட் பில்லுக்கு வருவம், வீட்டில சண்டை வந்தது இதாலதான். ப்ளக் மீற்றர் போட்டுப் பாத்தன், சும்மா இருக்கேக்க 70 வாட், எல்லாரும் வேலை செய்யேக்க 170 வாட் வரைக்கும் போகுது. எழுவதைக் குறைவெண்டு நினைக்காதீங்கோ, நாள் முழுக்க விட்டா மாசத்துக்கு 50 யூனிட். முதல் மாசம் நான் பெருமைக்கு சேர்வரை அணைக்கவே இல்ல, சேர்வர் எண்டா எப்பவும் ஓடவேணும் எண்டு ஒரு எண்ணம். பில் வந்த அண்டைக்கு மனுசி "இஞ்சேருங்கோ, இந்தப் பெட்டி எங்களுக்கு என்ன சமைச்சா தருது?" எண்டு கேட்டா. பதில் இல்ல. பில்லில யூனிட் ஏற ஏற யூனிட் விலையும் ஏறும், அந்த அம்பது யூனிட் பிரிஜ்ஜுக்கும் மோட்டருக்கும் மேல போய்க் குந்திக்கொள்ளுறதால ஆகக் கூடின விலையில கணக்காகுது. இப்ப கிளாஸ் நேரம் மட்டும்தான் ஓடும், நெட்வேர்க்கால தட்டி எழுப்புற வேக்-ஒன்-லேன் போட்டு போனாலயே எழுப்புறன். எப்பவும் ஓட வேணும் எண்டா இதை வாங்காதீங்கோ, ஒரு சின்ன புது மெசின் வாங்குங்கோ, சிப்பில மிச்சம் பிடிச்ச காசை பில்லில கட்டுவீங்கள்.

யூபிஎஸ்ஸும் சேத்துக் கணக்குப் பாருங்கோ. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு, பகல் பதினொண்டரைக்குக் கிட்ட நாடு முழுக்கக் கரண்ட் போனதே, குரங்கு எண்டு சொன்னாங்களே அண்டைக்கு, எங்களுக்கு கிளாஸ் உச்சத்தில இருந்தது. 650 விஏ யூபிஎஸ் இந்தப் பெட்டியை அஞ்சு நிமிசம் பிடிச்சுது, அதுக்குள்ள பன்னெண்டு பேரும் "சேர் சேவ் பண்ணட்டா, சேர் சேவ் பண்ணட்டா" எண்டு கத்தினாங்கள், நான் மெசின்களை ஒவ்வொண்டா அணைச்சு முடிக்க யூபிஎஸ் கடைசி மூச்சு விட்டுது.

வயசு தெரியிற இடம் எண்டா கட்டளைகள், சிப்புக்கு விளங்கிற பாசை. தகவலைப் பூட்டுற ஏஇஎஸ் இருக்கு, அதால விபிஎன், டிஸ்க் என்கிரிப்சன் எல்லாம் படிப்பிக்கேக்க ஒரு தடக்கலும் இல்ல. ஒரேயடியா கன இலக்கங்களைக் கணக்குப் பாக்கிற ஏவிஎக்ஸ் இருக்கு, அதுதான் இந்தத் தலைமுறையின்ர பெருமை, மொங்கோடிபி எண்ட டேட்டாபேஸின்ர 5.0 பதிப்பு ஏவிஎக்ஸ் இல்லாத சிப்பில ஓடாது எண்டவங்கள், இது கடைசி ஆளா பஸ் பிடிச்சு ஏறின மாதிரி தப்பிட்டுது. ஏவிஎக்ஸ்2 இல்ல. அது அடுத்தடுத்த தலைமுறை ஹஸ்வெல்லில வந்தது. முந்தி இது ஒரு பிரச்சினையே இல்ல, இப்ப வர வர முட்டுது. 2025ல வந்த ரெட் ஹட் லினக்ஸ் 10 ஏவிஎக்ஸ்2 உள்ள சிப்புதான் கேக்குது, அதைப் பாத்துச் செய்த ரொக்கி லினக்ஸ் 10ம் அப்பிடியே. ஒரு பெடியன் ரொக்கி 10ஐப் போட்டுட்டு "சேர் எனக்கு மட்டும் ஏன் கேர்னல் பனிக்?" எண்டு, மெசின் பூட் ஆகாம விழுந்ததைக் காட்டி, வந்து நிண்டான், நான் அவன்ர மெசின் செட்டிங்கை அரை மணித்தியாலம் தோண்டினன், பாத்தா குற்றவாளி என்ர பெட்டி. பிறகு அதே வகை அல்மா லினக்ஸ் 10ல பழைய சிப்புகளுக்கெண்டு தனியா ஒரு பதிப்பு விடுறாங்கள் எண்டு கண்டு அதுக்கு மாத்தினம். டெபியன் லினக்ஸ் இப்பவும் ஒண்டும் கேக்காம ஓடுது. வீட்டில ஏஐ மொடல் ஓட்டிப் பாக்கிற யோசினையில இதை வாங்க நினைக்கிற ஆக்கள் விட்டுருங்கோ, 64 ஜிபி ரேம் இருக்கெண்டு பெரிய மொடலை ஏத்தலாம், பிறகு ஒரு சொல்லு வந்து அடுத்த சொல்லு வர முதல் தேத்தண்ணி ஊத்திக் குடிச்சிட்டு வரலாம். விண்டோஸ் 11ம் முறையாப் போகாது, இந்தச் சிப்பு மைக்ரோசொஃப்ட்காரரின்ர லிஸ்ட்டிலயே இல்ல.

2018 ஜனவரியில வெளிய வந்த ஒரு புரோகிராம் மற்றதின்ர ரகசியத்தை எட்டிப் பாக்கக்கூடிய மெல்ட்டவுன், ஸ்பெக்டர் ஓட்டைகள் இதிலயும் இருக்கு. சிப்புக்குப் போடுற மைக்ரோகோட் திருத்தமும் கேர்னல் திருத்தமும் வந்திட்டு, அதுகளைப் போட்டா கொஞ்சம் வேகம் குறையும். என்ர பிள்ளையள் நல்ல பிள்ளையள் எண்டு நினைச்சு நான் அதை அணைக்கேல்ல, நெட்வேர்க் படிச்சா பிறகு நல்ல பிள்ளையளும் என்ன செய்வாங்கள் எண்டு சொல்ல ஏலாது.

ரெண்டு சிப்பு போடுற போர்ட் வாங்கலாமா எண்டும் கேக்கிறாங்கள். போடலாம், இது அதுக்கெண்டே செய்தது, ரெண்டையும் தொடுக்க கியூபிஐ எண்டு ரெண்டு வேகமான பாதை இருக்கு. ஆனா ஒவ்வொரு சிப்புக்கும் அதின்ர ரேம் அதோட, அங்கால உள்ள ரேமை எடுக்க பாதை தாண்டிப் போகவேணும், பிந்தும். கரண்டும் சூடும் ரெண்டு மடங்கு. பன்னெண்டு பிள்ளைக்கு ஒண்டு தாராளம். ஆளுக்கு ரெண்டு வீசிபியூ, அதாவது வேர்ச்சுவல் மெசினுக்குக் குடுக்கிற பொய்ப் புரொசஸர், மொத்தம் இருபத்திநாலு, பதினாறு த்ரெட்டில ஓடுது, ஏனெண்டா பிள்ளையள் பாதி நேரம் டைப் பண்ணிக்கொண்டும் மீதி நேரம் போனைப் பாத்துக்கொண்டும்தான் இருப்பினம், புரொசஸர் சும்மாதான் நிக்கும். எல்லாரும் ஒண்டா அப்டேட் குடுத்தா இழுபடும், அதுவும் சிப்பால இல்ல, வீட்டு இன்டர்நெட்டால.

நட்சத்திரம் கேட்டா சிப்புக்கு அஞ்சில நாலு, அதைச் சுத்தி வாங்க வேண்டிய சாமான்களுக்கு ரெண்டரை. இப்ப தொடங்கப் போற ஆளெண்டா இதை விட அதே குடும்பத்து இ5-2680 வி4ஐப் பாருங்கோ, 2016ல வந்தது, பதினாலு கோர், 35 எம்பி கேஷ், 120 வாட்தான், ஏவிஎக்ஸ்2 இருக்கு. சொக்கெட் வேற, ரேம் டிடிஆர்4, அதால என்ர போர்ட்டில குத்த ஏலாது, நான் இந்த 64 ஜிபியோட கட்டிப் போட்ட மாடு. விக்க வச்சிருக்கிறீங்களோ எண்டு இனி ஒருத்தரும் கேக்க வேண்டாம், அடுத்த பச்சில பதினாலு பிள்ளையள் பதிஞ்சிருக்கினம்.